துவக்குப் பெட்டியின் சாவி

தம்பி கபிலன்,

நாங்கள் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ நலம் என்று எழுதினால் நானும் நம்பப்போவதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு, நீ இப்போது இருக்கிற கிங்ஸ்பரியிலிருந்து போன் எடுத்துக் கேட்டாய். "அம்மா, நான் வீட்டுக்குத் திரும்பி வரட்டே? வந்தா துவக்கும் என்னோட வரும். லைசென்சுக்குப் பொலிஸ் திரும்பவும் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். இந்த முறை உண்மையைச் சொல்லுவீங்களோ?" நான் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு, கறி அடிப்பிடிக்கிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் கறியே இல்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை உன் சிநேகிதர்களுக்கும் நீ வாசித்துக் காட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும். காட்டு. அவர்களுக்கும் விளங்கட்டும் என்று தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

போன வருடம் வீட்டில் இருந்தவரை நீ வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பெரிய பையோடு போவாய், ஞாயிறு இரவு வருவாய். கேட்டால் "பிரெண்ட்ஸோட" என்பாய். எந்தப் பிரெண்ட்ஸ் ஒருவனை முழங்காலில் சேறும் கையில் கொப்புளமுமாக வீட்டுக்கு அனுப்புவார்கள்? நான் உன் உடுப்பை மெஷினுக்குள் போடுமுன் மணந்து பார்ப்பேன். சிகரெட் மணக்கும், பியர் மணக்கும், ஒரு பெட்டையின் சென்ட் மணக்கும் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். மார்ச் மாதம் ஒருநாள் உன் சேர்ட்டில் மணந்தது வெடிமருந்து. சீனவெடி என்று நீ பிறகு சொன்னாயே, அந்தக் கதையை வேறு யாரிடமாவது சொல். எனக்கு அந்த மணம் தெரியும். நான் சேர்ட்டைப் பிடித்தபடி மெஷினுக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டேன்.

அது எந்த வசந்தம் என்று உனக்கு நினைவிருக்கும். வன்னிப் போர்ச் செய்தி காலையில் தொடங்கினால் படுக்கும்வரை டிவியில் ஓடும். இந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டவர் எவருமில்லை. யாரோ என் பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். யார்? வாசலில் காசு சேர்க்க வந்தவனைச் சந்தேகப்பட்டேன். துண்டுப்பிரசுரம் தந்த பெடியனைச் சந்தேகப்பட்டேன். விம்பிள்டன் கோயிலில் உன்னோடு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கதைத்த ஐயரைக்கூட நான் விடவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, பஸ் ஓட்டுகிற மனுசன், ரோட்டில் யோசித்துக்கொண்டு போகக்கூடாது.

ஏன் இப்படிப் பயந்தேன் என்றால், உன் தேவன் மாமா வீட்டைவிட்டுப் போனதும் இப்படி ஒரு சின்ன விஷயத்தில்தான். அவன் என் தம்பி. ஊரில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு இரண்டு சோத்துப் பார்சல் கட்டிக் கொடுக்கவேண்டும், இயக்க முகாமில் இருக்கிற பெடியங்களுக்கு. கொடுக்க விருப்பமா என்று எவரும் கேட்டதில்லை, கொடுக்காமல் விட்ட வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கட்டுவேன், அவன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒருநாள் சைக்கிள் மட்டும் வந்தது, வேறொருவன் ஓட்டிக்கொண்டு வந்தான். அதற்குப்பிறகு அவன் எங்கே இருந்தான், எங்கே விழுந்தான் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. விழுந்தான் என்று மட்டும் சொன்னார்கள்.

ஏப்ரலில், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் எல்லோரும் இலண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். நீயும் வந்தாய். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் நான் மதிலோரம் நின்றபோது, அங்கே பள்ளத்தில் நிற்கிற அந்தச் சிலையைக் காட்டினாய். கையில் வாளும் புத்தகமும் வைத்திருக்கிற தளபதி. "இவர்தான் அம்மா முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இஞ்ச ராசாவுக்கு எதிரா வெண்டவர். ராசாவின்ர தலையை வெட்ட வைச்சவர். இவர் செத்தாப்பிறகு ராசாவின்ர மகன் திரும்பி வந்து, இவரைப் புதைகுழியில இருந்து கிண்டித் தூக்கில போட்டவை. தலையைக் கம்பில குத்தி இந்த மண்டபத்துக்கு மேலதான் வைச்சவை." நான், "பிறகேன் சிலை?" என்றேன். நீ சிரித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேவாலயச் சுவரில் ஒரு சின்னத் தலையைக் காட்டினாய். வெட்டுப்பட்ட ராசா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது, இவர்களுக்காகச் செத்த சனத்துக்கு எங்கே சிலை என்று கேட்டேன். எனக்கு அப்போது வேறொரு சந்தேகம்: இவ்வளவு சனம் அழுகிற இடத்தில் நின்று, யுனிவர்சிட்டியில் படித்து முடித்த பழைய வெள்ளைக்காரச் சண்டை ஒன்றை இந்தப் பிள்ளை ஏன் இன்னும் விடாமல் சுமக்கிறது?

மே மாதம் எல்லாம் முடிந்தது என்றார்கள். அந்தக் கிழமை உன் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது தும்புத்தடி எதிலோ தட்டியது. ஒரு தோல் வார், அதில் மூடி போட்ட மரக்குப்பிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு இரும்புத் தொப்பி. சுருட்டி வைத்த சாம்பல் நிறக் கயிறு, நுனி கருகியிருந்தது. அது திரி என்று கண்டவுடன் தெரிந்துவிட்டது. கண்டும் காணாத மாதிரி போர்வையை இழுத்துவிட்டேன். உன்னிடம் கேட்டால் பொய் சொல்வாய், பொய்யைக் கேட்டபிறகு நான் ஏதாவது செய்யவேண்டி வரும். கேட்காமல் இருந்தால் கொஞ்சக் காலம் தள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜூனில் அந்த ஆள் வந்தான். சூட்டுக் கோட்டு, கையில் ஒரு பைல், வாய் நிறையச் சிரிப்பு. பொலிஸ் என்று அட்டையைக் காட்டினான். சிரித்துக்கொண்டு வருகிற பொலிஸை நான் எந்த நாட்டிலும் நம்பியதில்லை. ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோதும் சிரித்துக்கொண்டு வந்துதான் பக்கத்து அறைக் குடும்பத்தை விமானத்தில் ஏற்றினார்கள். உன் பெயரைச் சொல்லி, இங்கே இருக்கிறாரா என்றான். நான் இல்லை என்றேன். கனடாவுக்குப் போய்விட்டான், கன வருடம், தொடர்பும் இல்லை என்றேன். எனக்குப் பின்னால் சுவரில் நீ பட்டம் வாங்கின படம், அதற்குக் கீழே உன் சப்பாத்து. அவன் படத்தைப் பார்த்தான், சப்பாத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பைலில் ஏதோ எழுதிவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டான்.

கதவைச் சாத்திய கையோடு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும், உன் சிநேகிதர்களுக்குத் தெரியாது. ஊரில் ஆமிச் சுற்றிவளைப்பு என்றால் படம், சேர்ட்டு, துண்டுப்பிரசுரம் எல்லாம் கிணற்றுக்குள் போகும். இங்கே கோலியர்ஸ் வுட்டில் கிணற்றுக்கு எங்கே போவது? மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டிப் பைக்குள் வாரையும் தொப்பியையும் கயிற்றையும் போட்டு, மேலே இரண்டு கட்டுக் கீரையை வைத்து, சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் வாண்டில் ஆற்றுக்குப் போனேன். ஆறு என்று பெயர்தான். தொப்பி போய் முழங்கால் அளவு தண்ணீரில் நிமிர்ந்து இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. வார் தாழவே இல்லை. அந்த மரக்குப்பிகள் எல்லாம் மிதந்து, வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையாகப் போகத் தொடங்கின. நான் கரையோரம் கூடவே நடக்கிறேன், "அடியில தாண்டு போ, சனியனே, தாண்டு போ!" என்று. நாய் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்குக் குட்மோர்னிங் சொன்னார். அவரும் பொலிஸோ என்று பாதி வழி திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அன்று இரவு நீ கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்தாய். "அம்மா, என்ர சாமான் எங்க?" ஆற்றில் என்றேன். முதலில் சிரித்தாய், பிறகு முகம் மாறியது. அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. அந்தச் சிலைக்காரனும் ராசாவும் பிடித்த சண்டையைப் பழைய உடுப்போடு திரும்பப் பிடித்துக் காட்டுகிற ஒரு சங்கம். குண்டில்லாமல் மருந்து மட்டும் போட்டுச் சுடுகிற அந்தக் காலத்துத் துவக்கு. அதற்கும் லைசென்ஸ் வேண்டும், அதற்கு விசாரிக்கத்தான் அந்த ஆள் வந்தான். வெடிமருந்து நிரப்புகிற குப்பிகள் தொங்கிய அந்த வார் இரவல் வாங்கியதாம். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. சண்டையை விளையாடுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று எவளாவது நம்புவாளா? நம்பியபோது இன்னும் கோபம் வந்தது. "எங்கட சனம் அங்க செத்துக் கிடக்குது, நீ இஞ்ச வெள்ளைக்காரன்ர சண்டையில விளையாடுறியோ? வெக்கமில்லையோடா உனக்கு?" என்று கேட்டேன். நீ கத்துவாய் என்று பார்த்தேன். மெல்லத்தான் சொன்னாய். "அம்மா, அது முடிஞ்ச சண்டை. எப்பிடித் தொடங்கி எப்பிடி முடிஞ்சதெண்டு எனக்குத் தெரியும். அதாலதான் போறன்." அடுத்த கிழமை வீட்டைவிட்டுக் கிங்ஸ்பரிக்குப் போய்விட்டாய். லைசென்ஸும் கிடைக்கவில்லை. பொலிஸுக்கு வீட்டாரே இப்படிச் சொன்னால் யார் கொடுப்பான்?

நீ போனபிறகு வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். பிளவுஸ் தைத்துக்கொண்டே, நீ யுனிவர்சிட்டிக் காலத்தில் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன பாடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்தேன். அப்போது நான் அரைக் காதில் கேட்டவை. ராசா கப்பலுக்கென்று கடலே இல்லாத ஊர்களிடமும் வரி கேட்டார் என்றாய், பாராளுமன்றத்தைக் கேட்காமல். கும்பிடுகிற முறையை மாற்றச் சொன்னார் என்றாய். ராசாவுக்கு எதிராகப் படை கட்டினவர்களும் ராசாவைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று சொல்லித்தான் போனார்கள் என்றாய். இதைக் கேட்டபோது, "பாத்தியா, அப்பவே பொய்!" என்று நான் அகப்பையால் மேசையில் அடித்தது நினைவிருக்கிறதா? சண்டைக்குக் காரணம் என்று அவரவர் சொல்வதை நான் நம்பவில்லை. காரணம் எப்போதும் சண்டை தொடங்கினபிறகுதான் அழகாக உடுத்திக்கொண்டு வெளியே வரும்.

ராசாவின் படையை மறிக்க இலண்டனைச் சுற்றி மண் அணை கட்டிய கதையும் சொன்னாய். தையல்காரர் ஒருநாள், சப்பாத்துத் தைப்பவர் ஒருநாள், மீன் விற்கிற பெண்கள் ஒருநாள், மேளம் அடித்துக் கொடி பிடித்து மண்வெட்டியோடு போனார்களாம். எல்லோரும் விருப்பத்தோடு போனார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றாய். அந்தப் புத்தகத்தை எழுதினவன் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தாயா? மேளம் வாசலுக்கு வந்தால் யார் உள்ளே இருப்பது? போகாத வீட்டை யார் நினைவில் வைத்திருந்தது? நாங்களும் பங்கர் வெட்டினவர்கள்தான். தைக்கும்போது ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டுகிற சின்ன வெள்ளிக் கூட்டைக்கூடப் பெண்கள் போருக்குக் கழற்றிக் கொடுத்தார்களாம். நான் தைக்கிறவள். அது இல்லாமல் அடுத்தநாள் அவளின் விரல் என்ன பாடு பட்டிருக்கும் என்று ஒரு புத்தகத்திலும் இருக்காது. வடக்கே ராசாவின் ஆட்கள் நிலக்கரியை மறித்து, பனிக்காலத்தில் இங்கே சனம் மரத்தை வெட்டி எரித்தது. கடைசியில் அந்த மண் அணையில் ஒரு சண்டையும் நடக்கவில்லை, சில வருடத்தில் கட்டினவர்களே இடித்தார்கள். எலிபன்ட் அன்ட் காசில் பக்கம் பஸ்ஸில் போகும்போது இப்போதும் நான் எட்டிப் பார்ப்பேன். ஒரு மண் மேடு கூட இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது டர்ன்ஹாம் கிரீன் கதைதான். ராசாவின் படை கிட்ட வந்துவிட்டது என்று ஊர்ச்சனம் எல்லாம் அந்த வெளியில் போய் மறித்து நின்றது, ராசா பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு நின்ற ஆட்களுக்கு வீட்டுப் பெண்கள் வண்டி வண்டியாகச் சாப்பாடு அனுப்பினார்கள் என்றாய். இவ்வளவு காலத்துக்கு முந்தி, வேறு மொழி பேசுகிற, என்னைக் கண்டால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாதவள் ஒருத்தியும் தன் தம்பிக்கு அப்பத்தைத் துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவன் திரும்பி வந்தான். பிறகு வேறு இடங்களுக்குப் போனான். அவள் அவனையும் கடைசியாகச் சாப்பாட்டோடுதான் நினைவில் வைத்திருந்திருப்பாள்.

ஓகஸ்டில் உங்கள் சங்கத்தின் சண்டையைப் பார்க்க நான் உன்னிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் பாசம் என்று அப்பா உனக்குச் சொன்னாராம். பொய். நீ சொன்னது முழுக்க உண்மையா என்று பார்க்கத்தான் வந்தேன். இரண்டு ரெயில் மாறி, கையில் சோத்துப் பார்சலோடு. அப்பா, "இஞ்சேரப்பா, அவனுக்கு அங்க சாப்பாடு இருக்கும்" என்றார். இருக்கட்டும் என்றேன். வயல்வெளியில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் சனம் ஐஸ்கிரீமோடு நிற்கிறது. அந்தப் பக்கம் மேளம். துவக்குக் கிடைக்காததால் நீ ஒரு நீட்டு ஈட்டியோடு நின்றாய். கோட்டுத் தையலைப் பார்த்தேன், தோள்மூட்டில் பிதுங்கிக்கொண்டு நின்றது. கேவலம். எவன் தைத்தான் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே துவக்குகள் வெடித்து, புகை வந்து, நீ விழுந்தாய்.

விளையாட்டு என்று எனக்குத் தெரியும். அப்பாவும் என் கையைப் பிடித்து, "விளையாட்டப்பா, விளையாட்டு" என்றார். மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய் தானாகச் சொல்கிறது. அப்போது செத்துக் கிடந்த நீ மூக்கைச் சொறிந்தாய். எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்து என்ன நினைத்தாளோ, நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகுதான் அது நடந்தது. மேளம் நின்றது. ஒலிபெருக்கிக்காரன், இனி இறந்தவர்கள் எழும்பலாம் என்றான். வயல் முழுக்கக் கிடந்தவர்கள் எழும்பினார்கள். புல்லைத் தட்டிக்கொண்டு, தொப்பியைத் தேடிக்கொண்டு, குத்தினவனும் குத்துப்பட்டவனும் ஒருவனை ஒருவன் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு. சனம் கைதட்டியது. நான் கைதட்டவில்லை. இப்படி ஒன்றை நான் வாழ்நாளில் கண்டதில்லை. மே மாதம் முழுக்க டிவியில் கிடந்தவர்களை நினைத்தேன். தேவனை நினைத்தேன். அவன் விழுந்த இடத்திலும் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் அவனுக்கு இப்போது முதுகு நாரியில் நோவும் மொட்டைத் தலையுமாக இருக்கும்.

நீ ஓடிவந்து, "அம்மா, நீங்கள் எப்பிடி இஞ்ச?" என்றாய். நான் பார்சலைத் தந்துவிட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன். "காலமை பாராளுமன்றப் பக்கம். மத்தியானத்துக்குப் பிறகு ராசாவுக்கு ஆள் காணாது, அங்க போறன்" என்று சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீயும் சிரித்தாய். எந்தப் பக்கம் என்று கேட்டால் இவ்வளவு லேசாகப் பதில் சொல்லக்கூடிய சண்டை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன்.

ஆனாலும் சண்டை முடிந்தது என்று நீ சொல்வதை முழுக்க ஏற்க எனக்கு ஏலாது. ராசாவின் மகன் திரும்பி வந்தபோது, நடந்ததை மறந்துவிடவேண்டும், பழைய பக்கத்தைச் சொல்லி ஒருவரை ஒருவர் ஏசக்கூடாது என்று சட்டமே போட்டார்கள் என்றாய். அதே ஆட்கள்தானே செத்தவரைக் கிண்டித் தூக்கில் போட்டவர்கள்? மறக்கச் சொல்கிறவன் தான் எதை மறக்கவில்லை என்று முதலில் பார். இங்கேயும் எங்களுக்கு இப்போது அப்படிச் சொல்ல ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மறக்கச் சொல்கிறவனையும் நம்பாதே, திரும்பத் தொடங்குவோம் என்கிறவனையும் நம்பாதே. வாசலில் மேளத்தோடு வருகிறவனுக்குக் கதவைத் திறக்கமுன் நாலுதரம் யோசி. என்னையும் நம்பாதே, நான் உன் சாமானை ஆற்றில் எறிந்தவள்.

இனி உன் கேள்விக்குப் பதில். அந்தப் பொலிஸ்காரனுக்கு நாளைக் குறித்துக் கொடு. தேத்தண்ணி வைப்பேன். சிரித்தால் நானும் சிரிக்கப் பார்க்கிறேன். கபிலன் இங்கேதான் இருக்கிறானா என்று கேட்டால் ஓம் என்பேன். நான் இருக்கிற கூரைக்குக் கீழே துவக்கு வரக்கூடாது என்று தேவனின் சைக்கிள் வந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன். வரட்டும். துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியை உன் அறைச் சுவரில் பூட்டலாம், அப்பா துளை போட்டுத் தருவார். கோட்டையும் கொண்டுவா, அந்தத் தோள்மூட்டைப் பிரித்துத் தைக்கவேண்டும்.

பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது, அது சட்டம் என்றாய். உன் பொக்கற், உன் பை, உன் மேசை லாச்சி எல்லாம் இத்தனை வருடம் கிண்டினவளிடம் இதைக் கேட்கிறாய். நீ ஒளிக்கக்கூடிய மூன்று இடம் இப்போதே எனக்குத் தெரியும். அந்த மூன்றிலும் வைக்காதே. நான் தேடமாட்டேன். உன் அறையைக் கூட்டும்போது பெட்டி இருக்கிற பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டேன். இது நான் உனக்குத் தருகிற சத்தியம். இதைவிடப் பெரிதாக ஒன்று என்னிடம் இல்லை.

எனக்கு நீ ஒன்று தா. சண்டை பிடி, எந்தப் பக்கமென்றாலும் நில், விழவேண்டிய இடத்தில் விழு. ஒலிபெருக்கிக்காரன் சொன்னதும் மற்றவர்கள் எழும்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டு கிடக்காதே. முதல் ஆளாக நீ எழும்பு. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா